பிரட்டுத் தப்புக்குக் கித்தார் வாசித்தது

பல்வலி இல்லாவிட்டால் எனக்கு அந்த யோசனை வந்தே இருக்காது. கடைவாய்ப் பல் குடைந்த குடைச்சலில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பளிக்குள் முழித்துக்கொண்டு கிடந்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பாதையில் வாட்ச்மேன் தப்புப் பறையை அடித்துக்கொண்டு வந்தார். தேயிலைக் காட்டு ஆட்களை எழுப்பிப் பிரட்டுக்கு வரச்சொல்லும் அடி. பிரட்டு என்றால் காலையில் களத்தில் வரிசையாக நின்று பேர் கொடுப்பது. பேர் விழுந்தால்தான் அன்றைக்கு வேலை. நான் பிறந்ததிலிருந்து எங்கள் வாசலில் தினமும் கேட்கிற அடிதான். ஆனால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நான் அதைக் கேட்டது அன்றைக்குத்தான்.

டண், டண், டணக்கு. அப்புறம் ஒன்றுமில்லை. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரத்துக்கு அப்படியே நின்றது. அந்த இடைவெளிக்குள் எதிர்மலை அதே மூன்று அடியைக் கொஞ்சம் மங்கலாக்கித் திருப்பி அனுப்பியது. மறுபடியும் டண், டண், டணக்கு. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பல் மறந்துபோயிற்று. ஆணியில் மாட்டியிருந்த கித்தாரை எடுத்து, அடி விழுகிற இடங்களில் கம்பியைத் தொடாமல், நிற்கிற இடத்தில் மட்டும் ஒரே ஒரு தட்டு தட்டினேன். முதுகெல்லாம் சிலிர்த்தது. இத்தனை நாளாக இதை வாசலிலேயே வைத்துக்கொண்டா ஊரெல்லாம் தேடினோம் என்று இருந்தது.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னலே, விடியுமுன்ன பேய் பிடிச்சிருக்கு?"

"அம்மா, இந்த அடியக் கேளேன். நடுவுல நிக்குது பாரு, அதக் கேளு."

"இருபது வருசமா அதத்தான கேக்கேன்" என்றவள், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

எங்கள் குழுவில் மூன்றே பேர். பாலக்காட்டுப் பக்கம் மாமா வீட்டில் தங்கி டிகிரி முடித்துவிட்டு, நாலு இடத்துக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கிறவன் நான். படிப்போடு மலைக்குக் கொண்டுவந்த இன்னொரு பொருள், பழைய கித்தார் ஒன்று. மூணாறில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவரை நச்சரித்து அதற்கு ஓர் ஆம்ப்ளிபயர் பெட்டி பண்ண வைத்தேன். அது பாடுவதைவிட உறுமுவதே அதிகம். அந்த உறுமலைக் கேட்கவென்றே வந்தவர்கள் உண்டு. டிரம் அடிப்பவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஃபாக்டரியில் பேக்கிங் வேலை. உள்ளே ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுக் காலால் உதைப்பான். ஒவ்வொரு உதைக்கும் அடியில் ஒரு சலசலப்பு சேர்ந்து வரும். மூன்றாவது ஆள், காலையில் பிரட்டில் பேர் எழுதி, மத்தியானம் கொழுந்து நிறுக்கிற அண்ணாச்சி. அவர்தான் குழுவுக்கு உயிர்.

அண்ணாச்சி பாட மாட்டார். பேசுவார். மத்தியானம் எடைக் கொட்டகையில் தராசுக்குப் பக்கத்தில் நின்று, பெண்கள் ஒவ்வொருவராகக் கூடையைக் கொட்டக் கொட்ட, ஒரே மூச்சில் ஆளையும் எடையையும் கூப்பிடுவார்: "மேட்டு லயம் மூணாம் வீடு, மூக்குத்தி போட்ட மூத்த மருமக, முப்பது கிலோ! முப்பதுல மூணு கிலோ முத்துன இலை, மூணு கிலோ மழைத் தண்ணி, மிச்சம் கிடந்தா அது கொழுந்து!" இந்தப் பேச்சுக்கு அடியில் உறுமுகிற கித்தாரையும் தேயிலைப் பெட்டியையும் வைத்தோம். அதுதான் எங்கள் சங்கீதம். கங்காணியின் மூக்குக்கண்ணாடி, ரேஷன் அரிசியில் கல், ஏற்றத்தில் நின்றுவிடுகிற துரையின் ஜீப், எல்லாம் அவர் வாயில் விழுந்து உருண்டு வரும். ஜனங்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். ஆனக்கரையிலிருந்து ஏலத்தோட்டத்துப் பையன்கள் ஜீப்பில் தொற்றிக்கொண்டு கேட்க வந்தார்கள். கம்பம்மெட்டில் ஓர் ஏலக்காய் ஸ்டோர் திறப்புக்கு எங்களைக் கூட்டிப்போய் மாலை போட்டார்கள்.

ஆனாலும் எங்கள் பெரிய மேடை, எஸ்டேட் மாரியம்மனுக்கு நடக்கும் சித்திரைத் திருவிழாதான். அன்றைக்கு ஃபாக்டரி நிற்கும். அங்கே போகிற கரண்டை மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை எங்களுக்கு இழுத்துவிடுவார்கள். சுற்றியுள்ள அத்தனை டிவிஷனும் கூடும். மூன்று வருடமாக அந்த மேடை எங்களுடையது. அது கைவிட்டுப் போனால் அத்தனை ஜனமும் எங்களைக் கேட்க வேறு நாளும் இல்லை, இடமும் இல்லை. குழு அத்தோடு முடிந்தது.

பிரட்டு அடியை ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குக் கொண்டுபோனேன். வாட்ச்மேனிடம் தப்பை இரவல் வாங்கி டிரம்காரன் கையில் கொடுத்தேன். அவன் ஒரு சுற்று அடித்ததுமே சிரித்துவிட்டான். "மாப்ளே, இது தூக்குதுடா." அண்ணாச்சி மட்டும் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார்.

"பேசுங்க அண்ணாச்சி."

"இது வேண்டாம் தம்பி."

"ஏன்? நம்ம மலையோட அடி இது. சினிமாக்காரன் டிரம்ம எத்தன நாளைக்குக் காப்பியடிக்கது?"

"இந்த அடியக் கேட்டா என் கையி பேரேடு நோட்டத் தேடுது. வாயி தொறக்க மாட்டேங்கு."

"பழகிரும் அண்ணாச்சி."

"பழகித்தான் தம்பி தொறக்கல."

நான் விடவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை வாதாடினேன். கடைசியில் அவர் அலுத்துப்போய், "சரி, பொங்கலுக்கு ஒரு தடவ" என்றார். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

பொங்கல் கச்சேரி பிரட்டுக் களத்தில். மலைச் சரிவில் சமதளம் என்று இருப்பது அது ஒன்றுதான். பிரட்டும் அங்கேதான், பந்து விளையாட்டும் அங்கேதான், கச்சேரியும் அங்கேதான். காலையில் சூப்பர்வைசர் ஏறி நின்று பேர் கூப்பிடுகிற சிமெண்டுத் திண்டே எங்கள் மேடை. முதல் மூன்று உருப்படி பழைய மாதிரி. சிரிப்பும் விசிலுமாகக் களம் கொதித்தது. நாலாவதுக்கு டிரம்காரன் தப்பை எடுத்தான். டண், டண், டணக்கு.

ஃபாக்டரிப் பையன்கள் துள்ளி எழுந்துவிட்டார்கள். ஒருவன் சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். ஆனக்கரைப் பையன்கள் ஜீப் பானெட்டில் ஏறி அதே அடியைத் தகரத்தில் தட்டினார்கள். எனக்குக் கண் அவர்கள்மேல்தான் இருந்தது. இந்தப் பக்கம் பார்த்தபோது, கொழுந்து பறிக்கிற பெண்கள் உட்கார்ந்திருந்த சாக்குகளை உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள். அவசரமே இல்லை. மடித்த சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையாக நடையைக் கட்டினார்கள். அவர்கள் பின்னால் காட்டு வேலை ஆண்களும். போகிற போக்கில் ஒரு குரல்:

"அரைப்பேரு!"

களம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. "அரைப்பேரு! அரைப்பேரு!" பிந்தி வந்தவருக்கும் கொழுந்து குறைந்தவருக்கும் அரைநாளுக்கு மட்டும் பேர் எழுதுவார்களே, அது. எஸ்டேட்டில் ஓர் ஆளைப் பார்த்து அதைவிடக் கேவலமாக ஒன்றும் சொல்ல முடியாது. அண்ணாச்சி கடைசிவரை வாயைத் திறக்கவே இல்லை. மைக்கைத் திண்டில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அன்றிலிருந்து சண்டை. எஸ்டேட் நேர்பாதியாகப் பிளந்தது, அதுவும் வேலைப்படி. ஃபாக்டரி ஆட்களை வேலைக்குக் கூப்பிடுவது ஃபாக்டரிச் சங்கு. காட்டு ஆட்களைக் கூப்பிடுவது தப்பு. சங்குக்கு எழுந்தவர்கள் எல்லாம் என் கட்சி, தப்புக்கு எழுந்தவர்கள் எல்லாம் எதிர்க்கட்சி. இந்தக் கணக்கு இன்றைக்கு எழுதும்போது இவ்வளவு சுலபமாக இருக்கிறது. அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. ரசனை இல்லாத ஜனம், மலையைவிட்டு இறங்காத ஜனம் என்று டீக்கடையில் உட்கார்ந்து வாய் கூசாமல் பேசினேன். அது தண்ணீர்க் குழாயடிக்கு நான் வீட்டுக்குப் போகுமுன்னே போய்ச் சேர்ந்துவிட்டது.

குழாயடியில் நான் குடத்தோடு நின்றால் "பாத்து, துரை வாராக, வழி விடுங்க" என்று ஒதுங்குவார்கள். ஒருத்தி குடத்தில் மூன்று தட்டு தட்டி நிறுத்துவாள், மற்றவர்கள் "ஐயோ, எந்திரிக்கணுமே!" என்று கொட்டாவி விடுவார்கள். டீக்கடையில் இரு கட்சிக்கும் கைகலப்பு. ஒருவனுக்கு உதடு கிழிந்தது. அண்ணாச்சி எங்கே, அண்ணாச்சி பேசாத கச்சேரி கச்சேரியா என்று ஃபாக்டரிக்குள்ளேயே சிலர் கட்சி மாறினார்கள். ஒருநாள் ஆம்ப்ளிபயர் பெட்டி வேலை செய்யவில்லை என்று பின்பலகையைக் கழற்றினால், உள்ளே முற்றின இலையைத் திணித்து நிரப்பியிருந்தார்கள். பறித்த கொழுந்தோடு சேர்ந்து வந்தால் அண்ணாச்சி பொறுக்கித் தூர எறிகிற இலை. ஒரு கொழுந்துகூடக் கலக்காமல், அவ்வளவு சுத்தமாகப் பொறுக்கியெடுத்த இலை.

வீட்டிலும் அதே கதை. அம்மா திட்டவில்லை. என் கித்தார் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் கேட்டேவிட்டேன்: "ஒனக்குமா பிடிக்கல?"

"நீ ஏழு மணிக்கு எந்திரிக்கவன்" என்றாள். அவ்வளவுதான்.

மாசி மாதம் கோயில் கமிட்டித் தலைவர் ஆள் விட்டார். போனேன். டிரம்காரனும் வந்தான். தலைவர் காட்டு சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவர். சுற்றி வளைக்கவில்லை.

"பழைய மாதிரி வாசிச்சா மேடை ஒனக்கு. இல்லன்னா கம்பத்துலருந்து பாட்டுக் கச்சேரி ஏற்பாடு பண்ணிருவோம்."

"ஒரு தடவ முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றேன்.

"பொங்கலுக்குக் கேட்டோமே."

"பாதியில எந்திரிச்சுப் போனா எப்படிக் கேட்டதாகும்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "வாய் இருக்கு ஒனக்கு. ஞாயித்துக்கெழமை மத்தியானம் களத்துல வாசி. கமிட்டி வரும், சனமும் வரட்டும். தீருமானம் அதுக்கப்புறம்."

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அண்ணாச்சி வீட்டுக்கு மூன்று தடவை நடந்தேன். மூன்றாம் தடவை, "வாரேன்" என்றார். பேசுவேன் என்று சொல்லவில்லை. நான் அதைக் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

இன்று மத்தியானம் மூன்று மணி. வெயில் இருந்தது, மூடுபனி இன்னும் இறங்கவில்லை. கமிட்டிக்காரர்கள் நாற்காலியில். ஃபாக்டரிப் பையன்கள் இடதுபக்கம் கூட்டமாக. வலதுபக்கம் காலி. வரவே மாட்டார்கள் போலிருக்கிறது என்று கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தேன். டிரம்காரன் தப்பை எடுத்து அடிக்க ஆரம்பித்தான்.

முதல் சுற்று முடிந்து நின்ற இடத்தில், லயத்துப் பாதையிலிருந்து அவர்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. லீவு நாள். ஆனால் அத்தனை பெண்களும் வேலைக் கோலத்தில். இடுப்பில் சாக்குப் படுதா, தலையில் மழைக்குப் போடுகிற கொங்காணி, முதுகில் வெறுங்கூடை. ஒருத்திகூடப் பேசவில்லை. நேரே திண்டுக்கு முன்னால் வந்து, லயம் லயமாக, அணி அணியாக, தினமும் காலையில் எப்படி நிற்பார்களோ அப்படி நின்றார்கள். இரண்டாவது வரிசையில் மூன்றாவதாக என் அம்மா.

முன்வரிசையில் நின்றவள்தான் ஆரம்பித்தாள். கீழ் லயத்து அக்கா. எஸ்டேட்டிலேயே வேகமாகப் பறிக்கிற கை, அதைவிட வேகமான வாய். பொங்கலன்று முதலில் "அரைப்பேரு" என்றதும் அவள்தான் என்று எனக்குத் தெரியும்.

"வந்துட்டோம் துரை. பேரு போடுங்க."

"பேரு போடுங்க துரை!" என்றது மொத்த வரிசையும்.

ஃபாக்டரிப் பையன்கள் ஊளையிட்டார்கள். "ஏய், கச்சேரியக் கெடுக்காத!" "கெடுக்கதுக்கு அங்க என்னலே இருக்கு?" என்றது வரிசை. கமிட்டித் தலைவர் வாயில் துண்டை வைத்துச் சிரிப்பை அடக்கினார். டிரம்காரனுக்கு நிறுத்தவும் தெரியவில்லை, அடித்துக்கொண்டே இருந்தான். என் விரல் கம்பியில் அப்படியே நின்றுவிட்டது.

அப்போது அண்ணாச்சி கூட்டத்திலிருந்து வந்து திண்டில் ஏறினார். மைக்கை எடுத்தார். சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து விரித்தார். வாயைத் திறந்தார்.

திறந்துவிட்டார்! தப்பு அடிக்குச் சரியாக, மூன்று அடிக்கு ஓர் ஆள் என்று, அணியில் நின்ற ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டார். "கீழ் லயம் மொத வீடு, கேள்வி கேக்குற கீச்சுக்குரலு!" "இருக்கேன்!" "அடுத்த வீடு, அடுப்ப அணைக்காம ஓடிவந்த அம்மிணி!" "இருக்கேன்!" களம் குலுங்கியது. நான் கித்தாரில் பாய்ந்தேன். மூன்று மாதமாக நான் மண்டையில் கேட்டுக்கொண்டிருந்தது அதேதான், அச்சு அசலாக வந்துகொண்டிருந்தது. உறுமலும் தப்பும் பேச்சும். ஃபாக்டரிக் கூட்டமும் காட்டுக் கூட்டமும் ஒன்றாகச் சிரித்தன. சரி, மேடை நம்முடையதுதான் என்று நினைத்தேன்.

அண்ணாச்சி கடைசிப் பெயரையும் கூப்பிட்டு முடித்தார். என் பக்கம் திரும்பினார்.

"பிரட்டடிக்குப் பாட்டுக் கட்டுன பெரிய படிப்பு, கித்தாரு!"

நான் "இருக்கேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வரிசை மொத்தமும்: "ஆப்சென்ட்!"

அந்தச் சத்தத்தில் என் அம்மா குரல் தனியாகக் கேட்டது. நன்றாகத் தொண்டையைத் திறந்துதான் சொன்னாள்.

"ஒரு நாளும் வந்ததில்ல, ஒரு பேரும் விழுந்ததில்ல" என்று நோட்டில் ஏதோ கிறுக்கினார் அண்ணாச்சி. "தப்பு அடிச்ச ஆளுக்கு அரைப்பேரு. பிரட்டு கலையலாம்." நோட்டை மடித்துப் பையில் வைத்தார். என்னிடம் மைக்கை நீட்டி, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, "இனிமே என்னக் கூப்பிட வராத தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

கமிட்டித் தலைவர் எழுந்து வேட்டியைத் தட்டினார். "பேசுறதுக்கு ஆள் இல்லாம வெறும் தப்பும் கித்தாருமா? அடுத்த ஞாயிறுவரைக்கும் பாப்போம். ஆள் கொண்டுவந்தா பேசு, இல்லன்னா கம்பம்."

கூட்டம் கலைந்தது. ஃபாக்டரிப் பையன்களுக்கும் என்மேல் கோபம். எங்களை வைத்து மானத்தை வாங்கிவிட்டாயே என்று ஒருவன் தேயிலைப் பெட்டியை உதைத்துவிட்டுப் போனான். டிரம்காரனுக்கு அரைப்பேர் உறைத்துவிட்டது. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, வீம்புக்கு, யாருமில்லாத களத்தைப் பார்த்துத் தப்பு அடித்துக்கொண்டிருந்தான்.

கீழ் லயத்து அக்கா மட்டும் போகவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டுத் திண்டுக்குக் கீழே வந்து நின்றாள். சண்டைக்குத்தான்.

"மலையைவிட்டு எறங்காத சனம்னு சொன்னீயாமே."

நான் ஆம்ப்ளிபயர் ஒயரைச் சுருட்டினேன்.

டண், டண், டணக்கு.

"மொத அடிக்கு அடுப்பு மூட்டுவேன்."

டண், டண், டணக்கு.

"ரெண்டாம் அடிக்குத் தண்ணி புடிப்பேன்."

டண், டண், டணக்கு.

"மூணாம் அடிக்குப் பிள்ளைய எழுப்பி, மூக்கத் தொடச்சு, மூலையில உக்கார வைப்பேன். நீ மூணு அடிக்கும் பொரண்டு படுப்ப!"

ஒவ்வொரு தடவையும் அடி நின்ற இடத்தில்தான் அவள் வாய் திறந்தது. தப்பின்மேல் ஒரு சொல்கூட விழவில்லை. அவளுக்கு அது தெரியவே இல்லை. இருபது வருடமாக அந்த இடைவெளிக்குள்தான் அவள் வீட்டைத் திட்டி எழுப்பியிருக்கிறாள் போலிருக்கிறது. எனக்குப் பல்வலி வந்த காலை மாதிரியே முதுகு சிலிர்த்தது. சண்டைக்கு வந்தவளிடம் போய், "யக்கா, அந்த நடுவுல நிக்குதே, அது எதுக்குன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எதுக்கா? வாட்ச்மேன் பீடி இழுக்கான்."

டிரம்காரன் கை தானாக நின்றது. அவள் கூடையை எடுத்துக்கொண்டாள். "இதுக்காகவால டிகிரி படிச்ச?" என்று கேட்டுவிட்டுப் பாதையில் இறங்கினாள்.

நாளைக்குத் திங்கட்கிழமை. பன்னிரண்டு மணிக்கு எடைக் கொட்டகைக்குப் போகப்போகிறேன். அங்கே அண்ணாச்சி தராசுக்குப் பக்கத்தில் நிற்பார். எனக்கு முகம் கொடுக்க மாட்டார். அம்மாவும் வரிசையில் நிற்பாள். அத்தனை பேருக்கும் முன்னால் கீழ் லயத்து அக்காவிடம் கேட்கப்போகிறேன்: சித்திரைத் திருவிழாவில் மேடை ஏறி, மைக்கைப் பிடித்து, என்னைத் திட்ட முடியுமா என்று. இன்று திட்டினாளே, அதே சொற்கள், அதே அடிக்கு. மேடையில் நிற்கிற துரை நான்தான் என்று வைத்துக்கொள்ளட்டும்.

"கொழுந்துக் கூடைய ஒன் தலையில கவுத்துருவா" என்கிறான் டிரம்காரன். கவிழ்க்கலாம். கவிழ்த்தாலும் அவள் ஏதாவது சொல்லிக்கொண்டேதான் கவிழ்ப்பாள். அதையும் காதில் வாங்கிக்கொண்டு வருவேன். செவ்வாய்க்கிழமை மறுபடியும் போவேன். சனிக்கிழமை வரை நாள் இருக்கிறது.

கித்தார்ப் பகுதியை இன்றைக்கே மாற்றிவிட்டேன். நான் முதலில் தட்டிய அந்த ஒரு தட்டை எடுத்துவிட்டேன். வாட்ச்மேன் பீடி இழுக்கிற இடம் இப்போது காலியாக இருக்கிறது. அது அவளுக்கு.